புண்ணியவதி என்றால் போதுமா?



சில வீடுகளைக் கடந்து போகும்போது நாம் குரலைத் தாழ்த்திக்கொள்ளுகிறோம். நடக்கமாட்டாத ஒரு மகனோ, இருபது வயதாகியும் தானாக உண்ணத் தெரியாத ஒரு மகளோ அவ்வீட்டில் உண்டென்பது எல்லாருக்கும் தெரியும். "அந்த அம்மாள் புண்ணியவதி, வேறொருத்தியாயிருந்தால் தாங்கமாட்டாள்" என்று சொல்லிவிட்டு மேலே நடக்கிறோம். அந்தப் புகழ்ச்சியைப் பற்றித்தான் இவ்வாரம் உங்களோடு ஆலோசிக்க விரும்புகிறேன். ஒருவருடைய சுமையைப் புகழ்ந்துவிட்டு அதைத் தொடாமற் போவது நியாயமாகுமா?

முதலில் ஒரு கொடிய பேச்சை அப்புறப்படுத்துவோம். "பெற்றவர்கள் என்ன பாவம் செய்தார்களோ" என்பார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் இதையே கேட்டார்கள். பாவம் இவனுடையதுமல்ல, இவனைப் பெற்றோருடையதுமல்ல என்று ஆண்டவர் தீர்த்துச் சொன்னதை அர்ச். அருளப்பர் தமது சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். வைத்திய சாஸ்திரமும் வேறு காரணங்களையே காட்டுகிறது. குறைமாதப் பிறப்பு, பிரசவ வேளையில் மூளைக்குப் பிராணவாயு எட்டாமற் போதல், பிறந்த குழந்தைக்குக் கண்ட கடும் மஞ்சள் காமாலை ஆகியவற்றால் மூளை முடக்குவாதம் வரலாம். 21-ம் குரோமோசோம் ஒன்று கூடுதலாய் அமைந்தால் டவுன் நோய்க்குறி. இவற்றில் சாபத்துக்கு இடமெங்கே?

சுமை எத்தன்மையது என்று பாருங்கள். நம் பக்கத்தில் முந்திரிப் பருவம் வந்தால் பெண்கள் விடியுமுன் தோப்புக்குப் போகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை உடைய தாய் போகமுடியாது, கூலி போயிற்று. பிள்ளை சிறியதாயிருக்கையில் இடுப்பில் தூக்கினாள். அவன் வளர்ந்து கனக்கக் கனக்க இவள் முதுகு தளர்கிறது. கலியாண வீட்டுக்கு அழைப்பு வரும், "அவனையும் கூட்டிக்கொண்டு வா" என்று மட்டும் எவரும் சொல்லமாட்டார்கள். மூத்தவளைப் பெண் பார்க்க வருகிற நாளில் தம்பி பின்கட்டுக்குப் போகிறான். அவனை ஒளிப்பவள் அவனைப் பெற்றவளேதான். யாருக்கு அஞ்சி ஒளிக்கிறாள் என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"ஆண்டவர் அவளுக்குக் கொடுத்த சிலுவை, பொறுமையாய்ச் சுமக்கட்டும்" என்று பக்தியாய்ச் சொல்லுகிறவர்களும் உண்டு. தபசுகாலத்தில் ஐந்தாம் ஸ்தலத்தில் முழந்தாளிடும்போது இவர்கள் என்ன நினைக்கிறார்களோ, அறியேன். ஆண்டவரே தமது சிலுவையைத் தூக்க வேறொருவன் தோளை ஏற்றுக்கொண்டாரன்றோ?

குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் கற்பிக்கும்போது ஒரு பழைய விதியைச் சொல்லிக்கொடுப்பார்கள்: இயலாத காரியத்துக்கு எவனையும் கடமைப்படுத்த முடியாது. மெய்தான். ஆனால் தாயின் பலம் எங்கே முடிகிறதோ அங்கே கடமையும் முடிந்துபோவதில்லை. பிள்ளைக்குச் சோறு வேண்டும், சுத்தம் வேண்டும், துணை வேண்டும். இத்தேவைகள் அப்படியே நிற்கின்றன. ஆகவே கடமை அடுத்திருப்பவர் மேல் வருகிறது: முதலில் சுற்றத்தார், பிறகு ஊரார், பங்கு, அரசாங்கம். அப்போது நாம் செய்வது பிச்சையன்று, கடன்.

இக்கடனைச் செலுத்த ஒருவரும் இல்லாதபோது நடப்பதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, ஆண்டவருடைய மறுரூபத் திருநாளன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநோயாளர் இல்லத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். மனநோய் வேறு, பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்திருப்பது வேறு. ஆயினும் இரண்டிலும் குடும்பத்தின் தனிமை ஒன்றுதான். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பத்தாரைக் கல்நெஞ்சர் என்று அன்று பலரும் ஏசினார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாய்த் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சொந்த ஊரில் வைத்தியமும் இல்லை, இரவில் மாற்றி விழித்திருக்க ஓர் ஆளும் இல்லை என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? பிறகு அவ்வூரிலிருந்த அத்தகைய இல்லங்களை அரசாங்கம் மூடிற்று. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விலக்கியிருக்கிறது. சங்கிலியைச் சட்டம் அவிழ்க்கும். இரவில் விழித்திருக்க அதனால் ஆகாது.

வேறு வழி நம் நாட்டிலேயே ஏர்வாடிக்கு வெகு காலம் முன்பே காட்டப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1957-ம் ஆண்டு பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கென்று அமைந்த பிரிவுக்கு நம்பிக்கை நிலையம் என்று பெயர். தாயும் பிள்ளையும் சில வாரம் உடனிருந்து, உண்ண, உடுத்த, பேசப் பழக்கும் விதத்தைத் தாய் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறாள். பிள்ளையை மாத்திரம் பாராமல் குடும்பத்தையே தாங்கவேண்டும் என்பது இதன் கருத்து. சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் என்னும் தாய், மூளை முடக்குவாதமுள்ள மகனை வளர்த்த அனுபவத்தைக் கொண்டே, இன்று வித்யாசாகர் என வழங்கும் ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். பிற்காலத்தில் அவர் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கும் தலைவராயிருந்தார்.

இந்த அறக்கட்டளையை நம்மவர்கள் அவசியம் அறியவேண்டும். ஏனெனில் இத்தாய்மார் இரவில் விழித்திருந்து கேட்கிற கேள்வி ஒன்றே: "எனக்குப் பிறகு யார்?" 1999-ம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவை உடையவர்களுக்கு, 18 வயது நிறைந்தபின், மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள உள்ளூர்க் குழு சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். பெற்றோரே தாமாகக் காப்பாளராய் நீடிப்பார்கள் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள், விண்ணப்பிக்க வேண்டும். நிராமயா என்னும் காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை வைத்தியச் செலவு பெறலாம். தமிழக அரசு கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்குகிறது. 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்று, 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள பிள்ளைகளுக்கு இவ்வுரிமை. உலக வங்கிக் கடனோடு தமிழக அரசு தொடங்கிய உரிமைகள் திட்டத்தின் முதற் கட்ட மாவட்டங்களில் நம் கடலூரும் ஒன்று.

இவ்வளவும் ஏட்டில் உண்டு. ஆனால் மருத்துவச் சான்று, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பண்ணுருட்டிக்கும் கடலூருக்கும் பஸ் ஏறவேண்டும். பிள்ளையை விட்டுப் போக ஆளில்லாத தாய் எப்படிப் போவாள்? ஒரு நாள் போவாள், அடுத்த மாதம் வரச் சொல்லுவார்கள், பிறகு போகமாட்டாள். உரிமை உண்டு, பணமும் உண்டு, ஒரு பகல் பொழுதுதான் அவளுக்கு இல்லை.

ஆகவே பெரிய காரியம் எதையும் நான் கேட்கப்போவதில்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நம் பங்கில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பஸ் செலவுக்கும் வழி செய்யலாம். அவள் கடலூர் போய்த் திரும்புமட்டும் அந்தப் பையனோடு வீட்டில் இருந்து, அவனுக்குச் சோறூட்டி, துணி மாற்றத் தயங்காத இரண்டு பேர் வேண்டும். முதலில் இரண்டு மூன்று நாள், தாய் வீட்டில் இருக்கும்போதே போய் அவனோடு பழகிக்கொள்ளுங்கள். முகம் தெரியாதவரைக் கண்டால் அவன் மிரளுவான். ஆண்களும் வரலாம். ஞாயிறு பூசைக்குப் பிறகு என் அறைக்கு வந்து பெயர் கொடுங்கள்.