அந்நிய நகரும் அமானிதமும்

சொந்த ஊரில் நம்மைக் காக்க அண்டை வீட்டாரின் கண்ணும், ஜமாஅத்தாரின் நாவும் உண்டு. நம்மை அறிந்தவர் ஒருவரும் இல்லாத நகரில் கால் வைத்ததும் அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. அப்போது நம்மிடம் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே நமது உண்மையான ஒழுக்கம்.

முதல் தடவையாக டோக்கியோவைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர், வானளாவிய கட்டடங்களையும் நேரம் தவறாத ரயில்களையும் கண்டு வியக்கின்றனர். நாம் வியக்க வேண்டியது வேறொன்று. அங்கே ரயிலில் மறந்த பை, நிலைய அலுவலரிடம் போய்ச் சேருகிறது. தெருவில் கிடந்த பணம், 'கோபான்' எனும் சிறிய காவல் சாவடிக்குப் போகிறது. 2018-ஆம் ஆண்டில் மட்டும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அந்நகரக் காவல் துறையை வந்தடைந்தன.

'இது சட்டத்தின் வேலைதானே?' என்பர் சிலர். சட்டம் உண்டுதான். கண்டெடுத்தவர் நூற்றுக்கு 5 முதல் 20 வரை வெகுமதி கோரலாம். 3 மாதத்தில் உரியவர் வராவிட்டால் பெரும்பாலான பொருட்கள் அவருக்கே சேரும். ஆயினும், யாரும் காணாத தெருவில் குனிந்து எடுத்தவரைச் சாவடிவரை நடத்திச் செல்வது சட்டம் மட்டுமன்று. பிள்ளைப் பருவம் முதல் படிந்த பழக்கமுமாகும்.

இது நமக்குப் புதிய பாடமா? கண்டெடுத்த பொருளின் பையையும், அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் வைத்துக்கொண்டு, ஓராண்டு அறிவிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஃபிக்ஹு நூல்களில் 'லுக்தா' என இதற்குத் தனிப் பாடமே உண்டு. பாடம் நம்மிடம் இருக்கிறது. பழக்கம் அவர்களிடம் இருக்கிறது!

'அவர்களிடம் ஈமான் இல்லையே' என்று சொல்லி நாம் ஒதுங்க முடியாது. ஈமான் உடையவர் மீதல்லவா கடமை இன்னும் கனக்கிறது? பழக்கம் அது வளர்ந்த ஊரில்தான் வலுவுள்ளது. தக்வாவோ முஸாபிருடன் கூடவே செல்ல வேண்டியது.

ரஷ்யாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தாத்தாரிய முஸ்லிம்கள் 1938-இல் டோக்கியோவில் பள்ளிவாசல் எழுப்பினர். அதே இடத்தில் இன்றுள்ள பள்ளி 2000-இல் திறக்கப்பட்டது. அங்கே தொழுதுவிட்டு, விடுதித் துண்டைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பினால் அந்தப் பயணத்தால் என்ன பயன்? நம்மைக் காணும் அந்நகரத்தார் நமது மார்க்கத்தையும் நம்மைக் கொண்டே அளப்பர்.

பயணம் போகாதவர்க்கும் இதில் பங்குண்டு. வகுப்பில் கிடந்த பென்சிலைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில், 'இது யாருடையது?' என்று நாம் கேட்கிறோமா? அமானிதம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எவரும் அறியாத இடத்திலும் தன்னை அஞ்சி நடக்க அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.