பெற்ற பிள்ளையைக் கொடுப்பது பாவமா?

ஆன்மிகக் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். மழையை நம்பிக் கம்பும் மல்லியும் விதைக்கிற குடும்பம். என் நாத்தனாருக்குப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. எங்கள் கடைக்குட்டியைத் தத்துக் கேட்கிறார். வீட்டுக்காரருக்கும் சம்மதம்தான். "பெத்த பிள்ளைய கைமாத்தி விட்டா குலசாமி ஏத்துக்காது" என்கிறார் மாமியார். கொடுத்தால் பாவமா?
*– பெயர் வேண்டாம், பந்தல்குடி*

பதில்: உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்சுழி, சுந்தரர் பாடிய தலம். அவரே கொடுக்கப்பட்ட பிள்ளைதான், அம்மா. திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து மனம் பறிகொடுத்த நரசிங்கமுனையரையர், பெற்றவர்களிடம் கேட்டு வாங்கிப்போய்த் தம் மகனாக வளர்த்தார். கொடுத்த சடையனார், இசைஞானியார், வளர்த்த அரசர், வளர்ந்த சுந்தரர் என்று நால்வருமே அறுபத்துமூவரில் இருக்கிறார்கள். சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடும்போது வளர்த்தவரை அடியார் வரிசையில் வைத்தார்; பெற்ற இருவர் பெயரையும் சொல்லிப் பதிகத்தை முடித்தார். இதை உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள். குலசாமி கோபிக்க இதில் ஒன்றுமில்லை. அந்தச் சாமி முன்னாலேயே திருநீறு பூசி, உறவுக்காரர்கள் பார்க்க, உங்கள் மடியிலிருந்து நாத்தனார் மடியில் பிள்ளையை வையுங்கள்.

1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமும் ஹோமத்தைக் கட்டாயமாக்கவில்லை; கையால் கொடுத்துக் கையால் வாங்குவதைத்தான் கேட்கிறது. தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். பிள்ளைக்கு 15 வயது நிரம்பியிருக்கக் கூடாது. பெண் பிள்ளையை எடுக்கிறவர்களுக்கு ஏற்கெனவே மகளோ மகன்வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. எடுக்கும் தகப்பன் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிடுங்கள். "செலவுக்கு வச்சுக்கோ" என்று கொடுத்தாலும் பணம் வாங்காதீர்கள், அது குற்றம்.

ஒன்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். நாத்தனார் வீட்டில் நன்றாக வளர்வாள் என்று கொடுக்கிறீர்களா, மூன்றாவதும் பெண்ணாயிற்றே என்று தள்ளிவிடுகிறீர்களா? முதலாவது தானம். இரண்டாவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

கேள்வி: தத்துக் கொடுத்த பிறகு மனசு மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாமா? பிற்காலத்தில் அவன் யாருக்குக் கொள்ளி வைக்க வேண்டும்?
*– ஒரு வாசகர், பாளையம்பட்டி*

பதில்: கேட்க முடியாது. முறைப்படி நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது; பிள்ளையே விரும்பினாலும் பிறந்த வீட்டு வாரிசாகத் திரும்ப முடியாது என்கிறது சட்டம்.

ஐதரேய பிராமணத்தில் சுனச்சேபன் கதை வருகிறது. வறுமையில் வாடிய அஜீகர்த்தர், மூன்று பிள்ளைகளில் நடுவிலானை நூறு பசுவுக்கு விற்றார். யாகத் தூணில் அவனைக் கட்டுவதற்கு இன்னொரு நூறு, வெட்டுவதற்கு மேலும் ஒரு நூறு என்று பேசிக்கொண்டார். தெய்வங்கள் அவனைக் காப்பாற்ற, விசுவாமித்திரர் மகனாக ஏற்றுக்கொண்டார். அப்போது அஜீகர்த்தர் வந்து "வா மகனே" என்றார். சுனச்சேபன் போகவில்லை. விற்ற தகப்பனுக்கே அந்த நிலை என்றால், நல்ல மனதோடு கொடுத்தவர் இன்னும் உறுதியாக நிற்க வேண்டாமா?

கொள்ளியும் திதியும் வளர்த்தவர்களுக்கே. பெற்றவர்களை நினைத்து ஒரு விளக்கு ஏற்றினால் யாரும் தடுக்கப் போவதில்லை. திருமணத்துக்கு விலக்கான பிறந்த வீட்டு உறவுகள் தத்துக்குப் பிறகும் விலக்குதான். அதற்காகவாவது பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயதிலேயே உண்மையைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அத்துவிட்டாச்சு. "பிள்ளைமேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை, செலவும் கேட்கக் கூடாது" என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இப்போது ராத்திரியில் தூக்கம் வரவில்லை. என்ன பரிகாரம் செய்ய?
*– ஒரு வாசகர், திருச்சுழி*

பதில்: அந்தத் தாளுக்கு மதிப்பில்லை, தம்பி. சோறும் துணியும் படிப்பும் பிள்ளையின் உரிமை. அதை நீங்களும் எழுதித் தர முடியாது, உங்கள் மனைவியும் விட்டுக்கொடுக்க முடியாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த ஜீவனாம்ச உரிமை, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் இருக்கிறது.

உலகத்தை முழுதாகத் துறந்தவர் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியாது என்று இந்து சட்டம் சொல்வது உண்மைதான். அப்படித் துறந்தவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் பாருங்கள். உங்கள் ஊரில் 1879இல் பிறந்த ரமண மகரிஷியின் தம்பி நாகசுந்தரம், மனைவி மங்களம் இறந்த பிறகு அருணாசலம் போய் நிரஞ்சனானந்தர் ஆனார். மகன் அப்போது சின்னப் பிள்ளை. தெருவில் விட்டுவிட்டா போனார்? தங்கை அலமேலுவும் அவர் கணவரும் மானாமதுரையில் வைத்து வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ரமணாசிரமத் தலைவரான டி.என்.வெங்கடராமன்.

காவி கட்டியவரே பிள்ளையை ஒரு பொறுப்பான கையில் சேர்த்துவிட்டுத்தான் போனார். நீங்கள் வேட்டி சட்டையோடு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவர். சேதுவில் முழுக வேண்டாம், எள் விளக்கு ஏற்ற வேண்டாம். மாதம் பிறந்ததும் பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்புங்கள். தாய் சம்மதித்தால் நேரில் போய்ப் பாருங்கள். மறுத்தால் குடும்பநல நீதிமன்றத்தில் பார்வை உரிமை கேளுங்கள். தூக்கம் வரும்.

கேள்வி: உறவுக்காரப் பெண், கல்யாணம் ஆகாமல் ஏழு மாதம். பிறக்கும் குழந்தையை ஒரு புரோக்கர் மூலம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. ரகசியமாகக் கொடுத்துவிட்டால் சாமி குற்றம் ஆகுமா?
*– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை*

பதில்: சாமி குற்றத்தை விடுங்கள், சிறைக் குற்றம். இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல்.

வளர்க்க முடியாது என்று அந்தப் பெண்ணே முடிவு செய்தால், அதற்கு நேர்வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை ஒப்படைத்து ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடலாம். மறுபடி யோசிக்க இரண்டு மாத அவகாசம் உண்டு; அதற்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகுதான் குழந்தை தத்துக்குப் போகும். பெயர் வெளியே வராது. 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும், கள்ளிப்பாலுக்குப் போகிற உயிர் தொட்டிலுக்கு வரட்டும் என்றுதான். அவளுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் இது போக்சோ வழக்கு. குற்றவாளி அவள் அல்ல.

நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில், துளசிச் செடியடியில் கிடந்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்தார். யார் பெற்றது என்று அவர் விசாரிக்கவில்லை. அவளைத்தான் ஆண்டாள் என்று கும்பிடுகிறோம். ஆகவே குழந்தைமேல் களங்கமில்லை; முறையாக ஒப்படைக்கிற தாய்மேலும் இல்லை. புரோக்கருக்கு இன்றே முடியாது என்று சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். பிரசவம் அரசு மருத்துவமனையில் நடக்கட்டும். கொடுப்பதா, வளர்ப்பதா என்பதை அந்தப் பெண் சொல்ல வேண்டும்; உறவுக்காரர்கள் யாரும் அவளுக்காக முடிவெடுக்க வேண்டாம்.