கட்டம் போட்டவன் மேல் நம்பிக்கை

 

நம்மில் நிறைய பேர் போனில் கந்த சஷ்டி கவசமும் இருக்கும், பக்கத்திலேயே ஒரு சுடோகு ஆப்பும் இருக்கும். "இந்தக் கட்டம் போடுற நேரத்துல நாலு வாட்டி முருகான்னு சொன்னா என்ன?" என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களும் இருப்பீர்கள். நியாயமான திட்டுதான். ஆனாலும் நான் சுடோகுவை விடவில்லை. விடை தெரியாத இடத்தில் பதறாமல் உட்கார்ந்திருக்க என்னைப் பழக்கியது அதுதான். இன்றைக்கு அதைப் பற்றிப் பேசலாம்.

முதலில் நம்ம ஆறெழுத்தையே எடுத்துக்குவோம். மந்திரத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சுழற்றி ஆறு வரிசையாக எழுதும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தப் படம் குரூப்பில் அடிக்கடி சுற்றும். 'சரவணபவ' என்று எழுதினால் வகரம் இரண்டு தடவை வரும். 'சரஹணபவ' என்று எழுதும் வழக்கும் உண்டு. அதில் ஆறும் தனித்தனி எழுத்து. அந்த ஆறு சுழற்சியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால், குறுக்கே பார்த்தாலும் நெடுக்கே பார்த்தாலும் எந்த எழுத்தும் இரண்டு தடவை வராது. கணக்கில் இதை லத்தீன் சதுரம் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை இதை விரிவாக ஆராய்ந்தார்.

சுடோகு இந்தக் குடும்பத்துப் பிள்ளை. அதில் ஒரு விதி கூடுதல், அவ்வளவுதான்: உள்ளே இருக்கும் சின்னக் கட்டங்களிலும் எதுவும் திரும்ப வரக்கூடாது. வரிசைகளை மட்டும் இடம் மாற்றினால் நம்ம ஆறெழுத்தும் சுடோகு ஆகிவிடுகிறது. பாருங்கள்:

ச ர ஹ | ண ப வ
ண ப வ | ச ர ஹ

ர ஹ ண | ப வ ச
ப வ ச | ர ஹ ண

ஹ ண ப | வ ச ர
வ ச ர | ஹ ண ப

ஆறு வரிசை, ஆறு நெடுவரிசை, ஆறு சின்னக் கட்டம். ஒவ்வொன்றிலும் ஆறெழுத்தும் ஒரே ஒரு முறை. எண்ணிப் பார்த்துக்கோங்க.

இப்போது நாம் போடும் 9க்கு 9 சுடோகுவுக்கு வருவோம். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது என்றுதான் பலர் நினைக்கிறோம். 1979இல் அமெரிக்காவில் டெல் என்ற நிறுவனத்தின் புதிர் இதழில் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில்தான் அது முதலில் வந்தது. உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது. புதிரோடு அவர் பெயர் அச்சாகவில்லை. 1984இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை எடுத்து வெளியிட்டது. சுடோகு என்ற பெயர் அங்கே வந்தது. 2004 நவம்பரில் லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழில் வந்த பிறகு உலகமே அதில் விழுந்தது. கார்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1989இலேயே காலமாகிவிட்டார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. போட்டவர் யார் என்றே தெரியாமல் ஒருத்தர் பென்சிலை எடுத்துக் கட்டத்தின் முன்னால் உட்கார்கிறார். 'இதுக்கு விடை இருக்கு, ஒரே ஒரு விடைதான் இருக்கு, யோசிச்சா அது வரும்' என்று முதல் எண்ணை எழுதும் முன்னாலேயே நம்புகிறார். முகம் பார்க்காதவர் மேல் இவ்வளவு நம்பிக்கை!

அந்த நம்பிக்கை வெறும் ஆறுதலா? இல்லை. கட்டத்துக்குள் அது வேலையே செய்யும். இரண்டு வரிசையும் இரண்டு நெடுவரிசையும் சந்திக்கும் நாலு மூலைகள், இரண்டு சின்னக் கட்டங்களுக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூலைகளில் 3 அல்லது 7 மட்டும்தான் வர முடியும். நாலாவதில் 3, 7, 5 மூன்றில் ஒன்று வரலாம். அங்கேயும் 3, 7 மட்டும்தான் என்றால் நாலையும் இடம் மாற்றிப் போட்டு இன்னொரு விடை செய்துவிடலாம். சரியாகப் போட்ட கட்டத்துக்கு இரண்டு விடை கிடையாது. ஆகவே நாலாவது மூலை 5. எந்த வரிசையையும் எண்ணாமல், போட்டவரை நம்பியதால் மட்டுமே கிடைத்த எண் அது. நம்பிக்கையும் ஒரு துப்பு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அரைகுறையாகப் போட்ட கட்டத்தில் இதே நம்பிக்கை உங்களைத் தப்பான எண்ணில் கொண்டுபோய் விடும். யாரை நம்புகிறோம் என்பது முக்கியம். 'இதை 11 பேருக்கு அனுப்பு, நாளைக்கே நல்ல செய்தி வரும்' என்று வரும் மெசேஜும் நம்பிக்கையைத்தான் கேட்கிறது. முருகன் அப்படி எங்கேயும் பேரம் பேசவில்லை.

போன மாதம் ஒரு தம்பி தனியாக எழுதியிருந்தார். "அண்ணா, ஆறு மாசமா வேலை இல்லை. சஷ்டி தவறாம விரதம் இருக்கேன். அம்மா நகை அடகுல இருக்கு. ரெண்டு லட்சம் கட்டினா வேலை உறுதின்னு ஒருத்தர் சொல்றார். முருகன் வழி காட்டறாரா, சோதிக்கறாரா?"

அவர் நிலை எனக்குத் தெரியும். 2023இல் ப்ராஜெக்ட் மூடியபோது நானும் ஐந்து மாதம் வீட்டில் இருந்தவன். அவருக்கு நான் எழுதியது இதுதான்: தம்பி, சுடோகுவில் மாட்டிக்கொண்டால் கை தானாக ஏதோ ஒரு எண்ணைப் போடப் பார்க்கும். கம்ப்யூட்டர் அப்படிச் செய்யலாம். ஒன்றைப் போட்டுப் பார்க்கும், முட்டினால் திரும்பி வந்து அடுத்ததைப் போடும். அதற்கு ஒரு நொடி போதும். அடகுக் கடையில் அண்டூ பட்டன் கிடையாது. தெரியாததை விட்டுவிட்டு, இப்போது தெரிந்ததை மட்டும் எழுது. வேலை கொடுப்பவன் பணம் கேட்க மாட்டான். இது தெரிந்த எண். அந்த இரண்டு லட்சத்தை அடித்துவிடு.

அவர் பணம் கட்டவில்லை. வேலை இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறார். விரதத்தையும் விடவில்லை.

"விரதம், கட்டுப்பாடுன்னு இருக்கிற கஷ்டத்துல இது வேறயா?" என்று கேட்பவர்களுக்கு சுடோகுவின் இன்னொரு வகையைச் சொல்கிறேன். சாதாரண சுடோகுவுக்குக் குறைந்தது 17 எண்கள் கொடுத்தால்தான் ஒரே விடை வரும். டப்ளினில் கேரி மெக்குவையர் குழு 2012இல் கம்ப்யூட்டர் வைத்து அதை உறுதி செய்தது. ஆனால் 2020இல் மிட்செல் லீ என்பவர் போட்ட 'மிராக்கிள் சுடோகு'வில் கொடுத்தது இரண்டே எண்கள். கூடவே சில விதிகள்: செஸ்ஸில் குதிரை தாவும் தூரத்தில் அதே எண் வரக்கூடாது, ராஜா நகரும் தூரத்திலும் வரக்கூடாது, ஒட்டியுள்ள அறைகளில் அடுத்தடுத்த எண்கள் வரக்கூடாது. யூடியூபில் அதைப் போட உட்கார்ந்த சைமன் ஆந்தனி முதலில் கேலி என்றே நினைத்தார். அரை மணி நேரத்துக்குள் முழுக் கட்டத்தையும் முடித்துவிட்டார். கில்லர் சுடோகுவிலும் பெரும்பாலும் ஒரு எண்ணும் கொடுக்க மாட்டார்கள். இத்தனை அறைகளின் கூட்டல் இவ்வளவு என்று மட்டும்தான் சொல்வார்கள். இரண்டு அறை சேர்ந்து 17 என்றால் 8ம் 9ம் தவிர வேறென்ன?

கையில் கொடுத்தது குறைவாக இருக்கும்போது விதிதான் துணைக்கு வருகிறது. அதிகாலை எழுவது, ஒரு வேளை உணவு, கோபத்தில் பேசாமல் இருப்பது... சஷ்டி ஆறு நாளும் நாம் ஏற்றுக்கொள்ளும் விதிகள் வாழ்க்கையைச் சுருக்குவதில்லை. எந்தெந்த அறையில் எது வரக்கூடாது என்று காட்டிக் கொடுக்கின்றன. அது தெளிந்தாலே பாதி பதற்றம் போய்விடும்.

ஒன்றை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். வாழ்க்கை 81 அறை இல்லை. அதற்கு ஒரே விடைதான் என்று என்னால் கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடிந்தால் அதற்குப் பக்தி என்று பெயர் வேண்டியதில்லை. கட்டம் போட்டவன் கந்தன், நம்மைக் குழப்பி வேடிக்கை பார்க்க அதைப் போடவில்லை என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில் உட்கார்ந்து, தெரிந்த அறையை மட்டும் எழுதுகிறேன்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மேலே உள்ள ஆறெழுத்துக் கட்டத்தை ஒரு தாளில் எழுதி, சில எழுத்துகளை அழித்துவிட்டு, வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். அழிப்பதற்கு முன்னால், ஒரே விடைதான் வருகிறதா என்று நீங்கள் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நம்மை நம்பி உட்காருகிற பிள்ளையை ஏமாற்றக் கூடாது, இல்லையா?

வேலும் மயிலும் துணை. முருகனுக்கு அரோகரா!