சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் கட்டலாமா?

டிசம்பர் பிறந்ததும் மேச்சேரி, மேட்டூர் பக்கம் சில கிறிஸ்தவ வீடுகளில் இந்தக் கேள்வி எழும்: “இந்த வருஷம் ஸ்டார் கட்டறதா, வேண்டாமா?” கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். பதில் சொல்ல வேண்டிய பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பங்குனியிலோ ஆடியிலோ அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும். பரண்மேல் காகித நட்சத்திரம் போன வருஷம் மடித்து வைத்தபடியே கிடக்கும். அதை மடித்து வைத்த கைதான் இப்போது இல்லை.

மேச்சேரி, பத்ரகாளியம்மன் கோயிலுக்கும் செம்மறி ஆட்டுக்கும் பேர் போன ஊர். கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்கே குறைவு. தலைமுறைகளாக இந்த மண்ணில் இருப்பவர்களும் உண்டு. அணை, அனல் மின் நிலையம், ஆலைகள் என்று பிழைப்புத் தேடி வந்து வேரூன்றியவர்களும் உண்டு. எங்கிருந்து வந்தவர்களாக இருந்தாலும், சாவு விழுந்த வீட்டுக்கு ஊர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான். வருஷம் திரும்புகிறவரை பண்டிகை கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ள அதே வழக்கம் கிறிஸ்துமஸுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வேதப் புத்தகத்தில் இப்படி ஒரு கட்டளை கிடையாது. ஆனாலும் ஆலயத்துக்குத் தவறாமல் போகிற குடும்பங்களும் இதைக் கடைப்பிடிக்கின்றன.

இதை மூடப்பழக்கம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. துக்கத்தில் இருப்பவர்களைச் சிரித்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தாமல் காப்பாற்றுகிற ஏற்பாடு இது. அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்று தெரிந்திருப்பதால்தான் பங்காளி வீட்டிலிருந்தும், எதிர்வீட்டிலிருந்தும், தெருக்கோடி முஸ்லிம் வீட்டிலிருந்தும் தூக்குப்போசியில் பலகாரம் வந்து இறங்குகிறது. மற்ற வருஷங்களில் தட்டுத் தட்டாகக் கொடுத்த வீடு, அந்த ஒரு வருஷம் வாங்கிக்கொள்கிறது. கொடுத்தே பழகியவர்களுக்கு வாங்கிக்கொள்வது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்துக்குள் ஒரு பெரிய ஆறுதலும் இருக்கிறது.

சிக்கல் ஆரம்பிப்பது அடுத்த வருஷம். வருஷம் திரும்பிவிட்டது, இனி தடையில்லை. ஆனால் தொடங்கிவைக்க ஆள் இல்லை. ஒரு வருஷம் விட்டது இரண்டாகும், இரண்டு மூன்றாகும். கடையிலிருந்து ஒரு கிலோ கேக், ஓட்டலிலிருந்து பிரியாணி என்று பண்டிகை முடிந்துபோகும். இழந்தவரோடு சேர்த்து அவர் நடத்திய கிறிஸ்துமஸையும் இழந்த வீடுகள் கொஞ்சமல்ல. முதல் இழப்பு நம் கையில் இல்லாதது. இரண்டாவதை நாம் தடுத்திருக்கலாம்.

பண்டிகை என்று நாம் மொத்தமாகச் சொல்வது உண்மையில் வேலைகளின் தொகுப்பு. ஒவ்வொரு வேலைக்கும் வீட்டில் ஓர் ஆள் இருப்பார். குடில் வைக்கிறவர் ஒருவர். கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே அவர் சிரட்டையிலும் உடைந்த தட்டிலும் மண் நிரப்பிக் கேழ்வரகைத் தூவிவிடுவார். வெயில் படாமல் மூடிவைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, இருபத்து நான்காம் தேதிக்குள் விரல் உயரத்துக்குப் பயிர் எழும்பினால் குடிலுக்குப் புல்வெளி தயார். 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் மாடும் கழுதையும் நிறுத்தி வைத்த குடில்தான் இந்த வழக்கத்துக்கு மூலம் என்பார்கள். அது சேலத்துச் சீமைக்கு வந்தபோது வைக்கோலோடு கேழ்வரகுப் பயிரும் சேர்ந்துகொண்டது. அம்மன் நோம்பிக்கு முளைப்பாரி போடுகிற ஊரில் இது யாருக்கும் புதுசாகப்படவில்லை.

பலகாரம் இன்னொருவர் பொறுப்பு. கலகலாவுக்கு மாவு பிசைந்து சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, புதுச் சீப்பின் பல்லில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி உருட்ட வேண்டும். சங்கு மாதிரி வரி விழுந்து சுருளும். இந்த வேலைக்குப் பிள்ளைகள் எல்லாரும் பாயில் உட்காருவார்கள். அச்சு முறுக்குக்கு மட்டும் பிள்ளைகளை அண்ட விடமாட்டார்கள். அச்சைக் கொதிக்கிற எண்ணெயில் முதலில் காயவைத்து, பிறகு மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்கி எடுக்க வேண்டும். முழுக்க முங்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு அச்சை விட்டுக் கழலாது. புது அச்சு ஒட்டும். பல வருஷம் எண்ணெய் குடித்த அச்சு, ஓர் உலுக்கலில் பூவை உதிர்த்துவிடும். அதனால்தான் மாமியார் அச்சு மருமகளுக்கு வந்து சேருகிறது. மாவின் பதம் மட்டும் அப்படி வந்து சேருவதில்லை. எத்தனை டம்ளர் அரிசி மாவு, எவ்வளவு தேங்காய்ப் பால் என்று கேட்டால், “கரண்டியில எடுத்து ஊத்துனா தெரியும்” என்பதுதான் எல்லா அம்மாக்களும் சொல்லும் அளவு.

கறி எடுப்பது பெரும்பாலும் அப்பாவின் வேலை. மேச்சேரி ஆடு, உடம்பில் கம்பளி இல்லாத செம்மறி. வெளிர்ப் பழுப்பு நிறம், குட்டை ரோமம். கறிக்கும் தோலுக்கும் இதற்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு. இந்த இனத்தைப் பேணவென்றே பக்கத்துப் பொட்டனேரியில் ஆட்டின ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. முதுகெலும்பின் இருபக்கமும் விரல் வைத்து அமுக்கிப் பார்த்தே சதைப்பிடிப்பைச் சொல்லிவிடுகிற ஆட்கள் இந்தப் பக்கத்துச் சந்தைகளில் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் இல்லாமல் போனால், கிறிஸ்துமஸ் காலை ஐந்து மணிக்குக் கறிக்கடைக்கு யார் போவது என்ற இடத்தில்தான் அந்த வீடு தடுமாறும். படத்துக்கு மாலை போடும்போது அடங்கியிருந்த அழுகை, இப்படி ஒரு சின்ன வேலைக்கு ஆள் இல்லாமல் போகும்போது பொங்கிவரும்.

போனவரின் வேலையை யாராவது எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதைத்தான். இதற்கு நாமக்கல் பக்கமே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறி வேலை செய்தவர்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். மகன் பால் 1914-இல் பிறந்து அந்த மலையிலேயே வளர்ந்தான். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட் அவர்தான். 1923-இல் பாலையும் தங்கை கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அப்பாவும் பிள்ளைகளும் பேசிக்கொண்டது கடிதத்தில்தான். 1929 ஜூனில் கொடும் மலேரியாக் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. தந்தி லண்டனுக்கு உடனே போய்விட்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த கடிதம் அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. இறந்த தந்தையின் கையெழுத்தை, இறந்த செய்தி வந்தபின் பிரித்துப் படித்தான் பதினைந்து வயதுகூட நிரம்பாத பையன்.

ஈவ்லின் செய்ததுதான் இங்கே முக்கியம். சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் போக வேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. அதில் கணவரின் பங்கையும் அவரே சுமந்தார். எழுபதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவரோ மலையைக் கைவிடவில்லை. மட்டக்குதிரையில் ஏறிக் கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் போனார். எலும்பு முறிந்து நடை தளர்ந்த பிறகு, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். 1974 டிசம்பர் 18-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 95 வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டு விதவை வாழ்க்கையை அவர் கணவர் விட்டுச்சென்ற வேலையால் நிரப்பினார். நினைவுகூர்தல் என்றால் இதைவிடப் பெரிதாக என்ன செய்ய முடியும்?

எல்லாரும் மலை ஏற வேண்டியதில்லை. சிரட்டையில் கேழ்வரகு தூவினால் போதும்.

ஒரு வீடு மட்டும் அல்ல, ஊரே இழப்பில் இருந்தால்? 2004-இல் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு அப்படி ஒரு கிறிஸ்துமஸ் வந்தது. மறுநாள் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வாசலில் ஸ்டார் இறங்கவில்லை, டப்பாவில் முறுக்கு தீரவில்லை. கடல் உள்ளே வந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற கடலோர ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஒரே குழியில் பலரை வைத்து மூட வேண்டியிருந்த ஊர்கள் அவை. அங்கெல்லாம் ஒவ்வொரு டிசம்பரிலும் இருபத்தைந்தாம் தேதி பாலன் பிறப்பு. இருபத்தாறாம் தேதி நினைவுத் திருப்பலி, கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும். இனி இந்த மாதத்தில் பண்டிகையே வேண்டாம் என்று அந்த மக்கள் முடிவு செய்திருந்தால் குறை சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது. அவர்கள் இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டார்கள். இருபத்து நான்காம் தேதி இரவு குடிலில் பாலனைக் கிடத்தும் கைகளே, இருபத்தாறாம் தேதி நினைவிடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன.

மேச்சேரியிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் மேட்டூர் அணையும் இந்தக் கணக்கில் வரும். 1934-இல் அணை திறக்கப்பட்டபோது காவிரிக்கரை ஊர்கள் பல நீருக்குள் போயின. 120 அடி வரை நீர் தேக்கும் அந்த அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கோயிலையும் ஆலயத்தையும் விட்டு மேடேறிய மக்கள், புது இடத்தில் நோம்பியையும் பண்டிகையையும் தொடர்ந்தார்கள். கட்டடத்தைத் தூக்கிவர முடியாது. பண்டிகையைத் தூக்கி வரலாம்.

வெளிநாட்டாருக்கும் இதே தவிப்புதான். பின்லாந்தில் கிறிஸ்துமஸ் மாலை குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போய்ப் பனிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். போலந்தில் அன்றிரவு விருந்தில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். எதிர்பாராத விருந்தாளிக்கு என்பது பொதுவான விளக்கம், மறைந்தவரை நினைத்து வைக்கிற வீடுகளும் உண்டு. நம் கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, பத்தி கொளுத்திவிட்டு வருவார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் இறந்தவர் பெயருக்குப் பூசைக் கருத்து எழுதிக்கொடுப்பதும் உண்டு. சாமியார் பெயர் பட்டியலை வாசிக்கும்போது கூட்டத்தில் எங்கோ ஒரு தலை நிமிரும். அந்தப் பெயர் இன்னும் ஊர் நடுவே ஒலிக்கிறது என்பது அந்த வீட்டுக்குப் பெரிய விஷயம்.

ஆகவே ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லலாம். முதல் வருஷம் புதுத்துணி வேண்டாம் என்றால் வேண்டாம். வெடி வேண்டாம், எண்ணெய்ச் சட்டியும் வேண்டாம். ஸ்டாரைக் கட்டுங்கள், குடிலை வையுங்கள். யார் கட்டினாரோ, யார் வைத்தாரோ, அவர் செய்தபடியே வையுங்கள்; கழுதைக்குக் காது உடைந்திருந்தால் அதே கழுதையையே வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் தயக்கமே கூடாது. தாத்தா போனதோடு கிறிஸ்துமஸும் போய்விட்டது என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் தங்கவிடக் கூடாது. அடுத்த வருஷம், போனவர் செய்த வேலை ஒன்றைப் பிள்ளைகளில் மூத்தவருக்குப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள்.

இன்னும் எல்லாரும் இருக்கிற வீடுகளுக்கும் வேலை இருக்கிறது. இந்த டிசம்பரில் அம்மா மாவு கரைக்கும்போது பக்கத்தில் ஒரு டம்ளரோடு உட்காருங்கள். அவர் அள்ளிப் போடுவதற்கு முன் வாங்கி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திட்டுவார், பரவாயில்லை. அப்பா ஆடு பார்க்கவோ கறி எடுக்கவோ கிளம்பும்போது வண்டியில் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவில் சாவு விழுந்த வீடு ஒன்று இருந்தால், எந்த மதமானாலும், பலகாரத் தட்டை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். போனவரின் பேச்சை எடுத்தால் அழுவார்களே என்று பயந்து வேறு ஏதேதோ பேசாதீர்கள். அவர் பெயரைச் சொல்லியே பேசுங்கள். அந்த வீட்டார் அதற்குத்தான் காத்திருப்பார்கள்.