இசையைப் போற்றுவோர் இசைத்தவரை இகழலாமோ?

கலையைத் தலைமேல் வைத்துப் போற்றும் உலகம், அதனைப் படைத்த கலைஞனைத் திண்ணையோடு நிறுத்திவிடுவதுண்டு. இஃது அறமாகுமா? இவ்வினாவுக்கு விடை காண, வடபுலத்து நரம்புக் கருவியாகிய சாரங்கியின் வரலாறு நமக்குத் துணைபுரியும்.

சாரங்கி ஒரே மரத்துண்டைக் குடைந்து, தோல் போர்த்திச் செய்யப்படுவது. மேலுள்ள மூன்று நரம்புகளை வில்லால் இழைப்பர். கீழே முப்பதுக்கும் மேற்பட்ட உலோகத் தந்திகள் தாமே அதிர்ந்து ஒத்திசைக்கும். விரல் நுனியால் அன்றி, நகத்தின் அடிப்பகுதியால் நரம்பைத் தொட்டு வாசிப்பதால், ஆண்டுக்கணக்கான பயிற்சி விரலில் தழும்பாகவே தங்கிவிடும். மனிதக் குரலுக்கு மிக அண்மையான ஒலி என்று இசையறிஞர் இதனைப் புகழ்வர்.

இத்துணைச் சிறப்புடைய கருவியை வாசித்தவரோ இழிவாக நோக்கப்பட்டனர். கணிகையரின் ஆடல் பாடலுக்குப் பக்கவாத்தியமாக அவர்கள் அமர்ந்ததே அதற்குக் காரணம். ஒழுக்கக்கேடான இடம் ஆதலின் இகழ்ந்தனர் என்பர் சிலர். இவ்வாதம் நிற்குமா? அங்கே சென்று பொருள் கொடுத்துக் கேட்ட செல்வர், ஊரில் பெரிய மனிதராகவே மதிக்கப்பட்டனர். பிழைப்புக்காக வாசித்தவர் மீதே கறை படிந்தது. ஒழுக்கமே அளவுகோலாயின் இருவருக்கும் ஒரே தீர்ப்பன்றோ கிடைத்திருக்க வேண்டும்?

இவ்விழிவு தாளாது கருவியையே துறந்தவரும் உண்டு. கிரானா மரபின் பெரும் பாடகர் அப்துல் கரீம் கான் தொடக்கத்தில் சாரங்கி வாசித்தவர் என்றும், அதற்கு மதிப்பின்மை கண்டு வாய்ப்பாட்டுக்கு மாறினார் என்றும் கூறுவர். தியாகையர் கிருதியையும் பாடி இசைத்தட்டில் பதித்த அவர், 1937இல் தமிழ் மண்ணில், சிங்கப்பெருமாள் கோயில் இரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். உதயப்பூர் அருகே 1927இல் பிறந்த இராம் நாராயணோ வேறு வழி கண்டார். 1944இல் லாகூர் வானொலியில் பக்கவாத்தியக்காரராகச் சேர்ந்த அவர், பின்னர் சாரங்கியைத் தனிக்கச்சேரி மேடைக்கு உயர்த்தினார், 2005இல் பத்ம விபூஷண் விருது பெற்றார், 2024இல் மறைந்தார்.

இவ்விருவருள் யாரைப் போற்றுவது? இருவரையுமே போற்றலாம் என்பது நம் கருத்து. விட்டகன்றவரைக் கோழை என்பது நீதியன்று. ஒருவர் தம் தொழிலைச் சொல்லக் கூசுகின்றார் எனின், கூச வைத்த அவையே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

தங்கவயல் தமிழராகிய நமக்கு இஃது அயலார் கதையன்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்குச் சுரங்கப்பணி தொடங்கிய பின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குடியினர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கிப் பாறை உடைத்தனர். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து நோயுற்றோர் பலர். அவர்கள் தோண்டிய பொன் உலகெங்கும் மதிப்புப் பெற்றது. தோண்டியவருக்கோ லைன் வீடும், ‘கூலி’ என்ற பெயருமே கிடைத்தன. 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. இன்று விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைக்கும் நம் பிள்ளைகளுள் சிலர், குடும்பத்தின் தொழில் யாது என்று பிறர் வினவும்போது விடை கூறத் தயங்குகின்றனர்.

அவர்கள் சுரங்கத்துக்கே திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பார். அத்துன்பம் தம்மோடு ஒழியட்டும் என்றுதானே பெரியோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர்? தொழிலை விடலாம், அத்தொழிலால் நம்மை வளர்த்தவரை மறைத்தலாகாது.

செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். பயனைத் துய்ப்பவர், அப்பயனை விளைத்த கையை நினைத்தல் அந்நன்றியின் முதற்படி. ஆகவே, நம் சங்க மேடையில் பாடகருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, அருகமர்ந்து வாசிப்பவரின் பெயரையும் அழைப்பிதழில் அச்சிடுவோம். தாத்தா எந்தச் சுரங்கத்தில் எத்தனை ஆண்டு இறங்கினார் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம். அவ்வாறு சொல்லப்படும் இல்லத்தில் கூச்சம் குடிபுகாது.