உறையில் நாயனம்

தலைமன்னார். விடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கோச்சி நின்றுவிட்டது. இதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை.

*

சோளகக் காற்று. தென்கரையில் கடல் இரைகிறது. இந்தப் பக்கம் தண்ணீர் அசையவில்லை.

*

பழைய இறங்குதுறையின் தூண்கள். துரு. தூணுக்கு ஒரு பறவை. ஒரு தூண் மட்டும் வெறுமனே.

*

எதிரே தனுஷ்கோடி. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தெரியவில்லை. தெரியாத பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

1914இல் இங்கே கப்பல் வரத் தொடங்குகிறது. எழும்பூரில் ஏறியவர் ஒரே சீட்டில் கொழும்பு வரை போகலாம்.

மேளகாரர்களும் வருகிறார்கள். நாயனம் துணியுறையில். தவில் தோளில். யாழ்ப்பாணத்தில் திருவிழாக் காலம். மதவாச்சியில் இறங்கி, வடக்கே போகும் கோச்சிக்கு மாறுகிறார்கள். இணுவில். அளவெட்டி. கோயில் வீதியில் விடிய விடிய மேளச்சமா.

கேட்கத் தெரிந்த ஊர் என்று யாழ்ப்பாணத்துக்குப் பெயர். மன்னார் அந்த ஊருக்குப் போகிற வழி.

வழியில் யாரும் வாசிப்பதில்லை.

*

தேத்தண்ணி. சூடு நாக்கில் நிற்கிறது. பிறகு இனிப்பு.

*

சீவாளி. நாணலில் செய்தது. நாயனத்தோடு நூலில் தொங்கும். உதட்டில் வைத்து எச்சிலில் ஊறவிட்டால்தான் பேசும். ஓர் இரவு முழுக்கக் கடற்காற்றில் வந்த சீவாளி எப்படி இருக்கும்.

தவிலின் தோல் ஈரத்தில் தளரும். வாரை இழுத்து இறுக்க வேண்டும். கரை இறங்கியதும் யாரோ ஒருவர், பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து, விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்திருப்பார்.

தொம்.

தலை சாய்த்துக் கேட்டிருப்பார். பிறகு உறையை மூடியிருப்பார்.

இந்தக் கரைக்குக் கிடைத்தது அந்த ஒரு தட்டு.

*

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை யாழ்ப்பாணத்தில் நாயனம் வாசித்தவர். அவருடைய தோடியை நேரில் கேட்டவர்கள் அருகிவிட்டார்கள். கேட்டவர்களைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது கை தானாக மேலே போகிறது. சொல் அங்கே நின்றுவிடுகிறது.

*

இங்கிருந்து அக்கரைக்குப் போனவர் தவில் தட்சிணாமூர்த்தி. இணுவில் மண். தவிலின் ஊரே அவர் தவிலைக் கேட்டது.

1933. 1975. இரண்டு எண்களுக்கும் நடுவே விரல்கள்.

*

திருவிழாவுக்கு வந்து, திரும்பாமல் இருந்துவிட்டவர்களும் உண்டு. பிள்ளைகள் இந்த மண்ணின் பேச்சைப் பேசினார்கள். அந்த வாசிப்பில் எது காவிரி, எது வடலிக் காற்று. பிரித்துப் பார்க்க மனம் போகிறது. விட்டுவிடுகிறது.

*

ஒரு கழுதை வருகிறது. நிற்கிறது. அதற்கும் எங்கும் போக வேண்டியதில்லை.

*

கப்பலில் வந்தவர்களில் மேளகாரர் சொற்பம். தோட்டங்களுக்குப் போனவர்கள்தான் திரள். கப்பலுக்கு முன்பும் வந்தார்கள். தோணியில் வந்து, மன்னார்க் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியிலேயே பலர் விழுந்தார்கள். அவர்களோடு தப்பு வந்தது. காமன் கூத்து வந்தது. அழைத்தவர் இல்லை, சன்மானம் இல்லை, மாலை இல்லை.

பெரிய இசைப் பயணம் அதுதான் என்று படுகிறது.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, இதே துறையால் ஆயிரமாயிரம் பேர் திரும்பிப் போனார்கள். தப்பையும் எடுத்துப் போனார்களா.

*

அதே 1964. மார்கழி. புயல். தனுஷ்கோடி இல்லை.

பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. 1984க்குப் பிறகு அதுவும் இல்லை. 1990இல் கோச்சியும் நின்றது. 2015இல் கோச்சி மட்டும் திரும்பியது.

*

தென்கரையில் சிறிது நேரம். 30 காற்றாலைகள். 2020இலிருந்து சுற்றுகின்றன. அடியில் நின்றால் ஒரே சுரம், மூச்சு விடாமல். ஒத்து மட்டும் கேட்கிறது. நாயனம் தொடங்கவில்லை.

மீனவர் ஒருவர் வலையைப் பிரிக்கிறார். அவர் அண்ணாந்து பார்ப்பதில்லை.

*

பின்னேரம். பாலத்தைக் கடந்து பெருநிலம். திருக்கேதீச்சரம். பாலாவியில் வானம் கிடக்கிறது.

சம்பந்தர் இங்கே வரவில்லை. சுந்தரரும் வரவில்லை. இராமேசுவரத்தில் நின்று, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த இறைவனைப் பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் பதிகம் நட்டராகம். சுந்தரர் பதிகம் நட்டபாடை. இன்றைய ஓதுவார்கள் ஒன்றைப் பந்துவராளியிலும் மற்றதைக் கம்பீர நாட்டையிலும் பாடுகிறார்கள்.

ஊர் ஊராய்ப் பாடிப் போன இருவர். கடைசிக் கடலைப் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

கல்லில் வெயில் இன்னும் இருக்கிறது. உள்ளங்கால் அதைச் சொல்கிறது.

*

இருட்டுகிறது. ஒரு தேவாலய வளவு. கூத்துப் பழகுகிறார்கள். அண்ணாவியார் மத்தளத்தை மடியில் சாய்த்திருக்கிறார். ஒரு வாலிபன் ராசாவாக நடக்கிறான். உடுத்தியிருப்பது கால்சட்டை. முடி இன்னும் தலையில் இல்லை.

அண்ணாவியார் ஓர் அடியை எடுத்துக்கொடுக்கிறார். அவன் அதைத் தவறவிடுகிறான். மறுபடி. மறுபடி.

யாழ்ப்பாணப் பாங்கு ஒன்று. மாதோட்டப் பாங்கு ஒன்று. இது மாதோட்டப் பாங்கு என்கிறார் பக்கத்தில் இருப்பவர். நான் கேட்கவில்லை. அவராகச் சொல்கிறார்.

மத்தளத்தை வெளியூருக்குக் கொண்டுபோக யாரும் உறை தைத்திருப்பதாகத் தெரியவில்லை. பாயில் கிடந்தது. பாயிலேயே வைக்கிறார்கள்.

*

காலையில் எழுதியதைப் பார்க்கிறேன். வழியில் யாரும் வாசிப்பதில்லை.

பேனை கையில் இருக்கிறது. வெட்டவில்லை.

*

மத்தளம் மறுபடி. அந்த வாலிபன் இம்முறை அடியைப் பிடித்துவிடுகிறான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணாவியார் அடுத்த அடிக்குப் போகிறார்.

*

நாளை யாழ்ப்பாணம். இப்போதும் மதவாச்சியில்தான் கோச்சி மாற வேண்டும்.