பிழையா, பாடபேதமா?

1910-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேம்ஸ் ஹெர்ரிக் என்ற மருத்துவர், தம் பார்வைக்கு வந்த ஓர் இளைஞரின் இரத்தத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்தவர் அந்த இளைஞர். நுண்ணோக்கியின் கீழ், வட்டத் தட்டுப் போல் இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் பல, அரிவாள் போல் வளைந்து காணப்பட்டன. அந்த வளைவே நோய்க்குப் பெயராயிற்று. கதிர் அரிவாள் சோகை என்று தமிழில் வழங்குவர்.

நோயின் வேர் புலப்பட மேலும் நாற்பது ஆண்டுகள் போலாயின. குறை ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்பதை 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். அம்மூலக்கூறின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். நோயாளியிடம் அங்கே வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருக்கிறது என்பதை 1950-களில் வெர்னான் இங்கிரம் கண்டறிந்தார். மனிதனின் மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஓர் எழுத்து மாறியதன் விளைவே இது. ஆக்ஸிஜனை இறக்கி வைத்ததும் இந்த ஹீமோகுளோபின் இழை இழையாக ஒட்டிக்கொள்கிறது, அணு வளைகிறது, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. எலும்பிலும் மார்பிலும் எழும் வலியோ, அருகிலிருப்பவர் பார்த்துத் தாங்க இயலாதது. சாதாரணச் சிவப்பணு 120 நாட்கள் வாழும். வளைந்த அணுவோ பத்து இருபது நாட்களில் அழிந்துவிடும்.

ஏடெழுதுவோர் கை தவறி ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் பாட்டின் பொருளே மாறிவிடுவதைத் தமிழ் கற்றோர் அறிவர். அப்படியொரு பிழை உடலின் சுவடியில் நேர்ந்துள்ளது என்று கொண்டால், அதைத் திருத்தும் எழுத்தாணி இப்போது மனிதன் கைக்கு வந்துவிட்டது. இம்மானுவெல் ஷார்ப்பாந்தியே, ஜெனிஃபர் டௌட்னா ஆகிய இருவரும் 2012-இல் விளக்கிய கிரிஸ்பர் என்னும் முறையே அது. 2020-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்கு அளிக்கப்பட்டது. வியப்பு என்னவெனில், இக்கருவியை மனிதன் படைக்கவில்லை. தன்னைத் தாக்கும் வைரஸின் மரபுத் துணுக்கை நினைவில் வைத்திருந்து, அது மீண்டும் வரும்போது அடையாளம் கண்டு வெட்டியெறிய பாக்டீரியா காலங்காலமாகக் கையாண்டு வரும் தற்காப்பு அது. மனிதன் செய்தது, அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வேண்டிய இடத்தில் வெட்டுமாறு பணித்ததுதான். ஒரு நுண்ணுயிரிடம் பாடம் கேட்டதில் ஓர் அடக்கம் இருக்கிறது. அந்த அடக்கம் பின்னர் எல்லாரிடமும் நிலைக்கவில்லை என்பது வேறு செய்தி.

2023 நவம்பரில் பிரிட்டனும், அடுத்த மாதமே அமெரிக்காவும், கிரிஸ்பர் முறையில் அமைந்த முதல் சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தன. காஸ்கெவி என்பது அதன் பெயர். நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கருவில் இருந்தபோது சுரந்து பின்னர் ஓய்ந்துபோன ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்குமாறு திருத்தி, கடுமையான மருந்தால் பழைய மஜ்ஜையை அகற்றிவிட்டு, திருத்திய செல்களை உடலில் செலுத்துகிறார்கள். ஆய்வில் மதிப்பிடத் தக்க காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர், குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியாகக் கடும் வலித் தாக்குதல் இல்லாமல் இருந்தார்கள். சிறு வயது முதல் மருத்துவமனைப் படுக்கையே வீடாக இருந்தவர்களுக்கு இது மறுபிறவி எனலாம்.

இங்கே பக்தியுள்ளம் கொண்ட சிலர் ஒரு கேள்வி எழுப்புவதுண்டு. உடல் வினைப்பயனாக வாய்த்தது எனும்போது, அதன் வித்திலேயே கை வைப்பது முறையாகுமா?

கேள்வியை இகழ வேண்டியதில்லை. ஆயினும் திருக்குறளில் ஊழ் பற்றி ஓர் அதிகாரம் உண்டு. ஆள்வினையுடைமை பற்றி ஓர் அதிகாரம் உண்டு. மருந்து பற்றியும் ஓர் அதிகாரம் உண்டு. மூன்றையும் எழுதியவர் ஒருவரே. அவற்றுக்கிடையே அவர் முரண் கண்டதாகத் தெரியவில்லை. காய்ச்சலில் துடிப்பவனுக்குக் கஷாயம் கொடுக்காதே என்று இந்நாட்டு மரபு ஒருபோதும் சொன்னதில்லை. கஷாயம் குடலுக்குள் போகலாம், மரபணுவுக்குள் போகக் கூடாது என்று சொல்வதற்கும் காரணம் இல்லை. ஆழம் மட்டுமே வேறு. பிறர் துன்பத்தை அவருடைய வினை என்று சொல்லி ஒதுங்குகிறவர், தாம் ஒதுங்கியதும் ஒரு வினையே என்பதை மறந்துவிடுகிறார்.

ஆகவே தொடலாமா என்பது உண்மையான கேள்வியன்று. யாருக்காக, யார் கேட்டு, எதுவரை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று சரக சம்ஹிதையும் சொல்கிறது, வள்ளுவரும் சொல்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். சரகர் மருத்துவனை முதலில் வைக்கிறார். வள்ளுவர் நோயுற்றவனை முதலில் வைக்கிறார். சிறிய வேறுபாடுதான். ஆனால் இன்றைய விவாதத்தில் அது பெரிதாகிறது.

2025-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். அம்மோனியாவை வெளியேற்ற முடியாத அரிய பிறவிக் கோளாறு கொண்ட ஒரு பச்சிளங் குழந்தை. அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி மழலைப் பருவம் தாண்டுவதில்லை. அக்குழந்தையிடம் இருந்த எழுத்துப் பிழைக்கென்றே, உலகில் அந்த ஒரு குழந்தைக்காக மட்டும், சுமார் ஆறு மாதத்தில் ஒரு மருந்து உருவாக்கப்பட்டது. பிப்ரவரியில் முதல் முறை செலுத்தினார்கள். குழந்தை தேறி வருவதாக மே மாதம் மருத்துவ இதழில் செய்தி வெளியாயிற்று. இங்கே நோயாளி கண்முன் இருக்கிறான், அழுகிறான். அவனுக்குச் செய்த திருத்தம் அவனுடைய கல்லீரலோடு நிற்கிறது; அவனுடைய பிள்ளைகளுக்குப் போவதில்லை. நான்கு உறுப்புகளும் தத்தம் இடத்தில் இருக்கின்றன.

2018 நவம்பரில் வெளிவந்த சீனச் செய்தி இதற்கு நேர்மாறானது. ஹெ ஜியான்குயி என்ற ஆய்வாளர், கருநிலையிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். எய்ட்ஸ் வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஒரு வாயிலை அடைப்பது அவர் நோக்கம். தந்தைக்கு அந்த வைரஸ் இருந்தது உண்மை. ஆனால் குழந்தைக்கு அது தொற்றாமல் தடுக்க எளிய, பழகிப்போன முறைகள் ஏற்கெனவே இருந்தன. அக்கருக்களுக்கு எந்த நோயும் இல்லை. மேலும், அவர் அடைக்க முயன்ற வாயில் இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் என்ற மற்றொரு வைரஸ் காய்ச்சல் கடுமையாக வரக்கூடும் என்பதும் முன்பே அறியப்பட்டதுதான். 2019 டிசம்பரில் ஷென்சென் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. மூன்றாவதாகவும் ஒரு குழந்தை பிறந்திருந்தது அப்போது உறுதியாயிற்று.

மருத்துவன் இருந்தான், மருந்து இருந்தது, பேணுவோரும் இருந்தார்கள். வள்ளுவர் முதலில் வைத்த அந்த ஒருவன் மட்டும் இல்லை.

பெற்றோர் எப்போதுமே பிறவாத குழந்தைக்காக முடிவு செய்கிறார்களே என்று கேட்கலாம். தாய் உண்ணும் இரும்புச்சத்து மாத்திரை கூட அத்தகைய முடிவுதான். சரியே. ஆனால் மாத்திரையின் விளைவு அக்குழந்தையோடு முடிகிறது. கருவில் மாற்றிய எழுத்தோ அக்குழந்தையின் மகளுக்கும், அவள் மகளுக்கும் போகிறது. வளர்ப்பில் தந்த எதையும் பிள்ளை வளர்ந்த பின் மறுக்கலாம். பெற்றோர் திணித்த படிப்பை உதறிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். இதை உதற முடியாது.

கடினமான இடம் ஒன்றும் உண்டு. கணவன், மனைவி இருவருக்குமே கதிர் அரிவாள் சோகை இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அந்நோயுடனே பிறக்கும். தங்கள் இரத்தத்தில் நோயற்ற குழந்தை வேண்டும் என்று அவர்கள் கேட்டால், கருவைத் திருத்துவதைத் தவிர அவர்களுக்குத் தர வேறு வழி இல்லை. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வெட்டும் கருவி தவறான இடத்தில் வெட்டாது என்ற உறுதி இல்லாதவரை மறுப்பதே தகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் பரம்பரைக்குச் செல்லும் திருத்தத்தைத் தடை செய்கின்றன. ஆனால் அந்த மறுப்பு வெற்றிப் பெருமிதத்தோடு சொல்லத் தக்கதன்று. தலை குனிந்தே சொல்ல வேண்டியது.

மறுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு மீண்டும் சுவடிக்கே செல்ல வேண்டும். பழைய ஏடுகளைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல பிரதிகளை ஒப்பிட்டு, மாறுபட்ட பாடங்களைக் குறித்து வைத்தார். பொருந்தாதது போல் தோன்றும் சொல்லை அவசரப்பட்டுத் திருத்திவிட்டால், பிழை என்று எண்ணியது உண்மையில் பழைய பாடமாக இருந்துவிடக்கூடும். ஒருமுறை அழிந்தால் அது திரும்பாது.

கதிர் அரிவாள் எழுத்து அத்தகையதே. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை; மாறாக, உயிர் குடிக்கும் மலேரியாவிலிருந்து அது காக்கிறது. ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த அந்தோணி அலிசன் 1954-இல் இதை விளக்கினார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1952-இல், நீலகிரி மலைவாழ் மக்களிடம் இந்த எழுத்து இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் முதன்முதலாக இந்தியாவிலிருந்து அறிவித்திருந்தார்கள். மத்திய இந்தியாவின் காடுகளிலும் அது பரவலாக உண்டு. கொசு மிகுந்த காட்டில், மருந்தென்று ஒன்று இல்லாத நூற்றாண்டுகளில், எத்தனையோ குழந்தைகள் பிழைத்து வளர்ந்து அம்மக்களின் மூதாதையரானது இந்தப் 'பிழை'யின் தயவால்தான். ஒருவர் சிலுவை போல் சுமந்த வலி, அவருடைய உடன்பிறந்தார் பலருக்குக் கேடயமாக இருந்திருக்கிறது.

இதனால் அந்த வலி புனிதமாகிவிடாது. வலியால் அலறும் குழந்தையிடம், உன் முன்னோர் மலேரியாவுக்குத் தப்பினார்கள் என்று சொல்வதில் ஆறுதல் ஏதுமில்லை. குழந்தையைக் குணப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் மனித குலத்தின் சுவடியிலிருந்தே ஓர் எழுத்தை நீக்க முனைபவர், அது அங்கே ஏன் இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். சீனத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

இவ்வளவும் பேசிய பின், சற்றுக் கூச்சத்தோடு விலையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. காஸ்கெவி சிகிச்சைக்கு அமெரிக்காவில் குறித்த விலை 22 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கும் மேல். நோயோ பெரும்பாலும் ஏழைகளிடம் இருக்கிறது. தில்லியிலுள்ள ஜீனோமிக்ஸ் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் குறைந்த செலவில் உள்நாட்டிலேயே ஒரு கிரிஸ்பர் சிகிச்சையை உருவாக்கியுள்ளனர். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதற்குப் பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பெயர் பொருத்தமானது, அவருடைய மக்களின் குடிசை வரை அது போய்ச் சேர வேண்டும். ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய மாத்திரை வலித் தாக்குதலைப் பெரிதும் குறைக்கும், விலையும் மிகக் குறைவு. அதுவே உரிய நேரத்தில் கிடைக்காத கிராமத்துக்கு மரபணுத் திருத்தம் எந்த வழியாக வரும்?

இந்திய அரசு 2023 ஜூலை முதல் நாள், மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் இந்நோயை ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047-க்குள் நோயை ஒழிப்பதும் இலக்கு. பரிசோதிக்கப்பட்டவருக்கு ஓர் அட்டை தருகிறார்கள். நோய் உண்டா, இல்லையா, அல்லது எழுத்தைச் சுமப்பவர் மட்டுமா என்பதை அது சொல்லும். சுமப்பவர் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஜாதகம் பார்ப்பது போல் அட்டையைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எந்த மூலக்கூறையும் வெட்டாமலே, யார் பிறக்கலாம் என்பதில் கை வைக்கும் செயல் இதுவும். நோக்கம் கருணைதான், பல குழந்தைகள் வலியின்றிப் பிறப்பார்கள். ஆயினும் செவ்வாய் தோஷம் என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் கண்ணீரைக் கண்ட நாட்டில், அட்டையில் ஒரு குறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க அதிக அறிவு தேவையில்லை. எழுத்தைச் சுமப்பவள் நோயாளி அல்லள். அவள் ஆரோக்கியமானவள், குறியில்லாத ஒருவரை மணந்தால் அவள் பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. ஆண் அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்துவிடலாம். பெண்ணிடம்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

முகாமில் ஒரு துளி இரத்தம் கொடுத்துவிட்டு, சில நாட்கள் கழித்துத் தன் பெயர் எழுதிய அட்டையை வாங்க வரும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதன் பொருளைச் சொல்ல, கோண்டியிலோ பீலியிலோ அவளிடம் நிதானமாகப் பேசக்கூடிய யார் அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்?